அச்சேறிய பின் கடல் கடக்க வேண்டும்: தீவக எழுத்தாளரும் நூல் வெளியீடும்

ஊர்காவற்துறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்து எழுதும் ஒருவர் தமது நூலை எழுதி முடித்ததும் அவர் முன்னால் இரண்டு வழிகள் தெரிகின்றன. கைப்பணத்தையும் உறவினர் தரும் பணத்தையும் சேர்த்து யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் தாமே அச்சிட்டு வெளியிடுவது ஒரு வழி. யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, நாகர்கோவில் என்று எங்கேனும் உள்ள பதிப்பகத்துக்குப் பிரதியை அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது மற்றது. எது நல்லது என்ற கேள்விக்கு அவரவர் பட்ட அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். பதிப்பகத்துக்குக் கொடுத்து ஏமாந்தவர் சொந்த வெளியீட்டைப் புகழ்வார். அச்சிட்ட பிரதிகளை விற்க முடியாமல் கட்டுக்கட்டாக வீட்டில் வைத்திருப்பவர் பதிப்பகத்தைத் தேடச் சொல்வார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

யாழ்ப்பாணத்தை அடுத்த இந்தத் தீவுகளுக்கு, அதாவது தீவகத்துக்கு, இந்தக் கேள்வி கூடுதல் கனமானது. இங்கே எழுதுபவருக்கும் அச்சகத்துக்கும் இடையில் கடல் கிடக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற புத்தகக்கட்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். வாசகரோ ஊரில் மட்டும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் போரால் தீவுகள் வெறுமையானபின் தீவகத்து மக்கள் யாழ்ப்பாணப் பட்டினம், வன்னி, கொழும்பு என்று சிதறினார்கள். பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ, சுவிற்சர்லாந்து நகரங்கள் வரை போனார்கள். ஊரைப் பற்றிய நூலை ஆவலோடு வாங்கக்கூடிய வாசகர் பெரும்பாலும் ஊரில் இல்லை. அச்சிடுவது எளிதாகிவிட்ட இந்த நாளிலும் நூலை அந்த வாசகரிடம் சேர்ப்பது எளிதாகவில்லை. சொந்த வெளியீடு, பதிப்பகம் ஆகிய இரண்டையும் எடைபோட இந்த நிலவரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சொந்த அச்சின் பழைய வழி

சொந்தமாக நூல் போடுவதைச் சிலர் பதிப்பகம் கிடைக்காதவரின் கடைசிப் புகலிடமாகப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பதிப்பு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எழுதியவரும் பிழை திருத்தியவரும் அச்சிட்டவரும் விற்றவரும் அவரே. பாலபாடங்கள் அப்படித்தான் பள்ளிக்கூடங்களை அடைந்தன. அவருடைய திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்புக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் பொருளுதவி கிடைத்தது. சிறுப்பிட்டியிலிருந்து தமிழகம் போன சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஏடு தேடிய அலைச்சலும் அச்சுக்கூலிச் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தன. அக்காலத்தில் நூல் அச்சேறுமுன் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டும் வழக்கமும் இருந்தது. உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்புக்கும் கையொப்பக்காரர் துணைநின்றார்கள். இன்று முன்பதிவுத் திட்டம் என்று நாம் சொல்வது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

இந்த வழியின் ஆபத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. சுப்பிரமணிய பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து ஒரு திட்டம் போட்டார். தமது எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு விற்பதென்று கணக்கிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய எழுத்தின் தரத்தில் குறை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. அச்சிட முதலும், விற்க அமைப்பும் இல்லாததே குறை. நாவலருக்கு அச்சியந்திரம் இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன, அவற்றின் வழியே நிச்சயமான வாசகர் கூட்டமும் இருந்தது. பாரதிக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. சொந்த வெளியீட்டின் வெற்றி தோல்வியை வாசகரிடம் போய்ச் சேரும் பாதையே தீர்மானித்தது. இன்றைக்கும் அதுவே தீர்மானிக்கிறது.

தீவகம் நன்றாகச் செய்யும் வெளியீடு

தீவகத்தில் சொந்த வெளியீடு தோற்காத துறை ஒன்று உண்டு. கோயில், பாடசாலை, குடும்பம் ஆகிய மூன்றையும் சுற்றி வரும் நூல்கள் அவை. நயினாதீவு நாகபூசணி அம்மன்மீது பாடப்பட்ட பதிகங்களும் ஊஞ்சற்பாக்களும் அந்தாதிகளும் பக்தர்களின் செலவில் அச்சேறி அடியவர் கைக்குப் போயின. நாகமணிப் புலவரின் நயினை நிரோட்டக யமக அந்தாதி போன்ற கடினமான செய்யுள் நூலை இலாபம் பார்க்கும் பதிப்பகம் எதுவும் விரும்பி எடுத்திருக்காது. கோயிலைச் சூழ்ந்த மக்கள் அதைக் காத்தார்கள். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய மலர், பிரதேச செயலகக் கலாசாரப் பேரவை மலர் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

இவற்றினும் பரவலானது நினைவு மலர். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்று சொல்லப்படும் இந்தச் சிறு நூல், ஒருவர் இறந்து 31ஆம் நாள் நிகழும் கிரியைகளையொட்டி அச்சாகிறது. அதில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வமிசாவளி, இரங்கற்பா, தேவார திருவாசகம், நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுப்பார்கள். பல குடும்பங்கள் அதனுள் ஊர் வரலாற்றையும் ஒரு பழைய பாடல் நூலையும் சேர்த்து அச்சிட்டிருக்கின்றன. கடை வைத்திருந்த தாத்தா எந்த ஊரில் வியாபாரம் செய்தார், எந்த ஆண்டில் ஊர் திரும்பினார், யார் யாரைக் கலியாணம் செய்தார்கள் என்பவை வேறெங்கும் எழுதப்படாத தகவல்கள். நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்துவருகிறது. தீவகத்தின் சமூக வரலாற்றை எழுதப்போகும் ஆய்வாளருக்கு அந்தச் சேகரிப்பு பெருந்துணையாகும்.

இவ்வகை நூல்கள் ஏன் வெற்றி பெறுகின்றன? அச்சிடுமுன்னரே வாசகர் யார் என்று தெரிகிறது. எத்தனை பிரதி வேண்டும் என்பதும் தெரிகிறது. செலவு அன்பளிப்பாக வருகிறது, திரும்பி வர வேண்டியதில்லை. விநியோகம் ஒரே நாளில் ஒரே இடத்தில் முடிகிறது. பதிப்பகத்துக்கு இங்கே வேலையே இல்லை. இந்த நான்கு சாதகங்களும் உள்ள நூலைச் சொந்தமாக வெளியிடுவதே முறை. ஊர் வரலாறு, இடப்பெயர்கள், வட்டாரச் சொற்கள், மருத்துவக் குறிப்பு, ஆசிரியர் ஒருவரின் நினைவுக்குறிப்பு ஆகியவற்றையும் இந்த வகையில் சேர்க்கலாம்.

வெளியீட்டு விழாவும் அதன் எல்லையும்

கவிதைத் தொகுப்பு, சிறுகதைத் தொகுப்பு, நாவல் என்று வரும்போது நிலைமை மாறுகிறது. ஆயினும் நாம் அவற்றையும் அதே பழைய முறையில்தான் வெளியிடுகிறோம். பொதுவாக 300 முதல் 500 பிரதி அச்சாகும். ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். முதற்பிரதியை ஊரில் மதிப்புள்ள வர்த்தகர் ஒருவர் பெறுவார். சிறப்புப் பிரதிகளை அழைக்கப்பட்டவர்கள் வரிசையாக வந்து பெறுவார்கள். உறைகளில் வரும் பணம் பெரும்பாலும் நூலின் விலையைவிடக் கூடுதலாயிருக்கும். அச்சுக்கூலியில் பெரும்பகுதி அந்த மாலையிலேயே திரும்பிவிடுவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. பெரிய பதிப்பகங்கள் எட்டிப்பார்க்காத ஒரு சமூகம் தன் எழுத்தாளர்களைத் தானே தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த முறை இது. இதுவும் இல்லாவிட்டால் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வந்த நூல்களில் பல அச்சேறியே இருக்காது. ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பணம் விழாவன்றே வந்துவிடுவதால் மறுநாளிலிருந்து நூலை விற்பதற்கு யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. நூலைப் பெற்றவர்கள் எழுத்தாளரின் உறவினரும் நண்பரும். அவர்களில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்பது வேறு கேள்வி. மிஞ்சிய பிரதிகள் கடைகளுக்குப் போனால் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போகும். விற்ற பணத்துக்கு எழுத்தாளரே போய்க் கணக்குக் கேட்க வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர் அதற்காகப் படகும் பேருந்தும் ஏறி வருவது கட்டுப்படியாகாது.

இன்னொரு குறை செம்மையாக்கம். சொந்த வெளியீட்டில் பிரதியைக் கண்டிப்போடு வாசித்து, இந்த அத்தியாயம் வேண்டாம், இந்தக் கவிதை பலவீனமானது என்று சொல்பவர் இல்லை. அணிந்துரை எழுதுபவர் அந்த வேலையைச் செய்வதில்லை. அவரிடம் நூல் போகும்போது பக்க வடிவமைப்பே முடிந்திருக்கும். பிழை திருத்தம் எழுத்தாளரின் கண்ணோடு நின்றுவிடுகிறது. எழுதியவரின் கண் தன் பிழையைக் காணாது என்பது அச்சுத்தொழில் தெரிந்த எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விடயம்.

பதிப்பகம் சேர்க்கும் பெறுமதி: தீவகத்துச் சான்றுகள்

பதிப்பகம் ஒரு நூலுக்கு என்ன செய்யும் என்பதைத் தீவகத்தின் எழுத்தாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஊர்காவற்துறைக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளிடமிருந்து தொடங்கலாம். அவருடைய தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அடிகள் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடம் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு 1950களின் தொடக்கத்தில் அந்தக் கழகத்தின் வெளியீடாகவே வந்தது. தாமே அமைத்த அமைப்பின் வழியாக வந்ததால் அதைச் சொந்த வெளியீட்டுக்கு மிக நெருங்கியதென்று கொள்ளலாம். 1966இல் அதே ஆய்வு திருத்தம் பெற்று ஆசியா பப்ளிஷிங் ஹவுஸ் வழியாக உலக வாசகரை அடைந்தது. 1952இல் அவர் தொடங்கிய தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலச் சஞ்சிகை தமிழாய்வை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசென்றது. முதலில் சொந்த முயற்சி, பிறகு சஞ்சிகை வழியே அறிஞர் வட்டம், அதன்பின் பெரிய பதிப்பகம் என்று அவர் படிப்படியாக ஏறினார். இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

புங்குடுதீவின் மு. தளையசிங்கத்தின் கதை வேறுவிதமானது. 1935இல் பிறந்த அவர் 38 வயதை எட்டுமுன்னரே 1973இல் மறைந்தார். புதுயுகம் பிறக்கிறது சிறுகதைத் தொகுப்பு 1965இலும் போர்ப்பறை 1970இலும் வந்தன. மெய்யுள் அவர் இறந்தபின் 1974இல் வெளியாயிற்று. அவருடைய சிந்தனையைப் பற்றி ஈழத்தில் நிறைய விவாதித்தார்கள். ஆயினும் நூல்கள் கைக்குக் கிடைப்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது. தம்பி மு. பொன்னம்பலம் விடாமல் உழைத்தார். 2006இல் காலச்சுவடு பதிப்பகம் தளையசிங்கத்தின் படைப்புகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. அதன் பிறகே புதிய தலைமுறை வாசகர் தளையசிங்கத்தை முழுமையாகப் பார்க்க முடிந்தது. சிறு வெளியீடுகள் அவரை அறிமுகம் செய்தன, பதிப்பகம் அவரை நிலைநிறுத்தியது.

அதே ஊரின் கவிஞர் சு. வில்வரத்தினம் தீவகம் வெறிச்சோடிய துயரத்தைப் பாடியவர். அவருடைய முதல் தொகுப்பான அகங்களும் முகங்களும் 1985இல் வந்தது. இடப்பெயர்வுக்குப் பின் காற்றுவெளிக் கிராமம் வந்தது. 2001இல் உயிர்த்தெழும் காலத்திற்காக என்ற பெருந்தொகுப்பைக் கோயம்புத்தூர் விடியல் பதிப்பகம் வெளியிட்டது. 2006இல் அவர் மறைந்தபோது அவருடைய கவிதைகள் ஒரு நூலுக்குள் பத்திரமாக இருந்தன. சிறு தொகுப்புகளாக அங்குமிங்கும் சிதறியிருந்தால் அவற்றில் எத்தனை எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலணையில் பிறந்த வித்துவான் வேந்தனார் 1966இல் மறைந்தார். பல தலைமுறைக் குழந்தைகள் மனப்பாடம் செய்த பாடல்கள் அவருடையவை. அவருடைய நூல்களைப் பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்தவர்கள் புலம்பெயர்ந்து வாழும் அவருடைய குடும்பத்தார். பிள்ளைகளுக்கு அக்கறையும் வசதியும் வாய்க்காத எழுத்தாளரின் நூல் என்ன ஆகும்? சொந்த வெளியீட்டின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். எழுத்தாளர் மறைந்தபின் நூலுக்குப் பொறுப்பேற்க நிறுவனம் எதுவும் இருப்பதில்லை.

அல்லைப்பிட்டியிலிருந்து பிரான்சுக்குப் போன ஷோபாசக்தி புலம்பெயர்ந்தோர் பாதையைக் காட்டுகிறார். கொரில்லா நாவல் 2001இல் அடையாளம் வெளியீடாகவும் 2004இல் ‘ம்’ கருப்புப் பிரதிகள் வெளியீடாகவும் தமிழ்நாட்டில் வந்தன. இரண்டும் பெருமுதல் இல்லாத பதிப்பகங்களே. ஆனால் தமிழ்நாட்டுப் புத்தகக் கண்காட்சி, சிறுபத்திரிகை, விமரிசனம் என்ற வட்டத்துக்குள் அவை இருந்தன. அந்த வட்டத்துக்குள் போனதால் நாவல்கள் விவாதிக்கப்பட்டன, மறுபதிப்புப் பெற்றன. கொரில்லா 2008இல் ஆங்கிலத்திலும் வந்தது. பாரிசில் 300 பிரதி அச்சிட்டு ஒரு மண்டபத்தில் வெளியிட்டிருந்தால் இந்தப் பயணம் நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இலங்கைக்குள்ளேயே ஒரு பதிப்பகம் பரந்த வாசகரை அடைந்த காலமும் உண்டு. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 1978இல் திரைப்படமும் ஆயிற்று. 1970களில் இந்தியச் சஞ்சிகை, நூல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் வீரகேசரி குறைந்த விலையில் நாவல்களை வெளியிட்டது. நாளிதழ் போகிற ஊருக்கெல்லாம் நாவலும் போயிற்று. நாளிதழ் முகவர்களே விற்பனையாளர்கள். அத்தகைய வலைப்பின்னல் வேறு தமிழ்ப் பதிப்பகத்துக்கு இங்கே வாய்க்கவில்லை. செங்கை ஆழியான் பிற்காலத்தில் கமலம் பதிப்பகம் என்ற பெயரில் தம் நூல்களைத் தாமே வெளியிட்டதும் நினைவுகூரத்தக்கது. பெயர் நாட்டப்பட்ட எழுத்தாளருக்குச் சொந்த வெளியீடு கைகொடுக்கும். அந்தப் பெயரை நாட்ட முன்னர் ஒரு வெளியீட்டு அமைப்பு உதவியிருந்தது.

பதிப்பக வழியின் விலை

இதனால் பதிப்பகமே தீர்வு என்று முடித்துவிட முடியாது. இலங்கையில் தமிழ்ப் பதிப்பகங்கள் சில. குமரன் புத்தக இல்லமும் சேமமடு பொத்தகசாலையும் தொடர்ந்து இயங்குகின்றன. மல்லிகைப் பந்தல் டொமினிக் ஜீவாவின் உழைப்பால் ஒரு காலம் பல எழுத்தாளரை நூலாசிரியராக்கியது. அல்வாயிலிருந்து ஜீவநதி சஞ்சிகை தொடர்ந்து நூல்களை வெளியிட்டுவருகிறது. இவர்கள் எல்லாரும் குறைந்த முதலோடும் சிறிய சந்தையோடும் போராடுகிறவர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன, சில நாளிதழ்கள் அச்சை நிறுத்தின. அந்த அடியிலிருந்து சிறு பதிப்பாளர் மீள்வது எளிதில்லை. முகம் தெரியாத புதிய எழுத்தாளரின் கவிதைத் தொகுப்பில் அவர்கள் பணம் போடத் தயங்குவதைக் குற்றம் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் நூல் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும். 1977 முதல் நடந்துவரும் அந்தக் கண்காட்சியே தமிழ் நூலுலகின் ஆண்டுச் சந்தை. விமரிசனம் கிடைக்கும், கடல் கடந்த வாசகரும் வாங்குவர். ஆனால் எழுதியவரின் சொந்த ஊரில் அந்த நூலின் விலை ஏறிவிடும். இந்திய விலையை இலங்கை ரூபாவுக்கு மாற்றி, கப்பல் கூலியும் கடைக் கழிவும் சேர்த்தால் புங்குடுதீவுப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் யோசித்துத்தான் வாங்க வேண்டும். நூல் சென்னையில் கிடைக்கும், வேலணை நூலகத்தில் கிடைக்காது. மொழியிலும் ஓர் இழப்பு நேரலாம். தீவகத்துப் பேச்சுவழக்கையும் கடல், வள்ளம், வாடி, பனை சார்ந்த சொற்களையும் தெரியாத செம்மையாக்குநர் அவற்றைத் திருத்திவிடக்கூடும். எழுத்தாளர் இதில் உறுதியாக நிற்க வேண்டும். இறுதிப் பிரதியைத் தமக்குக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாதென்று எழுத்தில் கேட்க வேண்டும்.

உரிமைத்தொகை பற்றியும் தெளிவு வேண்டும். தமிழில் வழக்கமாகப் பேசப்படுவது விலையில் 10 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு. 300 பிரதி விற்றால் அதில் வரும் தொகை வாழ்வை மாற்றாது. ஆனால் ஆண்டுதோறும் கணக்குத் தரும் பதிப்பாளர், பணம் சிறிதானாலும் நூல் எத்தனை பேரிடம் போயிற்று என்ற உண்மையைத் தருகிறார். அந்த உண்மை எழுத்தாளருக்கு மிகத் தேவையானது.

இரண்டுக்கும் நடுவே ஒரு பொறி

மூன்றாவது வழி ஒன்றும் பரவியிருக்கிறது. பதிப்பகம் தன் பெயரையும் இலச்சினையையும் தரும், முழுச் செலவையும் எழுத்தாளர் தருவார். புலம்பெயர் நாட்டில் இருப்பவரிடமும் முதல் நூல் போடுபவரிடமும் இப்படிக் கேட்பது வழக்கமாகியுள்ளது. பணம் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். செம்மையாக்கமும் வடிவமைப்பும் உழைப்பு, அதற்குக் கூலி உண்டு. பணம் வாங்கியபின் செய்யப்படும் வேலை எது என்பதுதான் கேள்வி. செம்மையாக்கம் இல்லாமல், கடைகளுக்கு அனுப்பாமல், சில கட்டுப் பிரதிகளை எழுத்தாளர் கையில் கொடுத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேச்செடுக்காமல் விடுவதென்றால் அது சொந்த வெளியீட்டின் செலவும் பதிப்பகத்தின் கட்டுப்பாடும் சேர்ந்த மோசமான கலவை. பணம் கொடுப்பவர் எத்தனை பிரதி அச்சாகும், எவ்வளவு தமக்கு வரும், எவ்வளவு கடைக்குப் போகும், மறுபதிப்பு உரிமை யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

மின்னூலும் தேவைக்கேற்ற அச்சும்

புதிய தொழில்நுட்பம் கடலைக் குறுக்கியிருக்கிறது. 2016 இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு முறையான இடம் கிடைத்தது. எழுத்தாளர் தாமே மின்னூலைப் பதிவேற்றலாம். ரொறன்ரோவில் இருக்கும் நெடுந்தீவார் அன்றே வாசிக்கலாம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 30 பிரதியோ 50 பிரதியோ போடலாம், வீட்டில் கட்டுகள் தேங்காது. ஒரு பிரதிக்கான செலவு கூடும், ஆனால் விற்காத பிரதியின் நட்டம் இல்லை. புலம்பெயர் நாட்டில் உள்ளவர்கள் தம் நாட்டிலேயே அச்சிட்டுப் பெற முடிந்தால் தபாற்செலவும் மிஞ்சும்.

இலங்கையிலிருந்து இதைச் செய்வதில் தடைகள் உண்டு. இலங்கைக்கென அமேசான் கடை இல்லை. வெளிநாட்டுப் பணத்தை இணைய வழியில் பெறும் வசதி நீண்ட காலமாகக் குறைபாடுடையது. வயதான வாசகருக்குக் கைப்பேசியில் நூல் வாசிப்பது உகந்ததாயில்லை. ஆகவே மின்னூல் அச்சு நூலுக்குத் துணையாகலாம், அதன் இடத்தை எடுக்காது. பணம் எதிர்பாராத நூலுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுமதியோடு கொடுத்துவிட்டால் உலகெங்கும் இலவசமாக வாசிக்கலாம், நூலும் அழியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த மண்ணில் பிரதியைப் பல இடங்களில் வைத்திருப்பது ஒவ்வோர் எழுத்தாளரின் கடமை.

பதிவும் உரிமையும்

சொந்தமாக வெளியிடுபவர் தவறவிடும் சிறு வேலைகள் சில உண்டு. அவையே நூலை உலகத்தின் கண்ணுக்குத் தெரியச் செய்கின்றன. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேசத் தராதர நூல் எண் பெற வேண்டும். எண் இல்லாத நூலை வெளிநாட்டு நூலகங்கள் வாங்கத் தயங்கும். அச்சகம் 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதி அனுப்பியதா என்று கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தாளரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையைத் தருகிறது. இதற்குத் தனிப் பதிவு வேண்டியதில்லை. எனவே உரிமையை முழுவதும் எழுதிக்கொடுப்பது பேரர் காலம் வரையுள்ள சொத்தைக் கொடுப்பதாகும். குறித்த ஆண்டுகளுக்கு, குறித்த பதிப்புக்கு மட்டும் கொடுப்பது போதும்.

இங்கிலாந்தில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா தொகுத்துவரும் நூல்தேட்டம் 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில் ஈழத்தமிழ் நூல்களைப் பதிவுசெய்துவருகிறது. அதைப் புரட்டினால் வெளியீட்டாளர் என்ற இடத்தில் ஆசிரியரின் பெயரோ குடும்பத்தாரின் பெயரோ அடிக்கடி வரக் காணலாம். ஈழத்தமிழ் நூலுலகம் சொந்த வெளியீட்டின்மீதே பெரிதும் நிற்கிறது என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி. வெளியிடுபவர் ஒரு பிரதியை அந்தத் தொகுப்புக்கு அனுப்புவதும் நல்லது.

எந்த நூலுக்கு எந்த வழி

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் முடிவு இது. செலவு யாருடையது என்பது இரண்டாவது கேள்வி. செம்மையாக்கம், வாசகரிடம் சேர்த்தல், நூலை நெடுங்காலம் கிடைக்கச் செய்தல் ஆகிய மூன்று வேலைகளையும் யார் செய்யப்போகிறார் என்பதே முதற்கேள்வி. பதிப்பகம் இவற்றைச் செய்யுமாயின் பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும். செய்யாதென்றால் அதன் பெயருக்காகக் கொடுப்பதில் பயனில்லை. தாமே செய்வதென்றால் மூன்றையும் செய்ய ஆயத்தமாக வேண்டும், அச்சோடும் விழாவோடும் நிறுத்தக் கூடாது.

ஊர், கோயில், பாடசாலை, குடும்பம் பற்றிய நூல் சொந்த வெளியீடாக வரட்டும். நாவலும் சிறுகதையும் கவிதையும் எழுதுபவர் முதலில் சஞ்சிகைகளில் எழுதி, கண்டிப்பான வாசகர் இருவரிடம் பிரதியைக் காட்டி, பிறகு பதிப்பகத்தைத் தேடட்டும். கிடைக்காவிட்டால் சிறிய அளவில் சொந்தமாக அச்சிட்டு, தனிநாயகம் அடிகள் செய்ததுபோல அடுத்த பதிப்பில் பெரிய வாசலைத் தட்டட்டும். ஆய்வு நூல் எழுதுபவர் இலங்கைப் பதிப்பகத்தையும் தமிழ்நாட்டுப் பதிப்பகத்தையும் சேர்த்து யோசித்து, இலங்கை விற்பனைக்கு இங்கே தனிப் பதிப்புக் கேட்கலாம்.

தனி எழுத்தாளரால் முடியாததைத் தீவகம் கூட்டாகச் செய்ய முடியும். ஊர்காவற்துறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகளும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும், வெளிநாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்களும் ஒவ்வொன்றும் தனித்தனியே மலர் போடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தீவகத்துக்கென ஒரு பொது வெளியீட்டகம் அமைத்தால் என்ன? பிரதிகளை வாசித்துத் தேர்ந்தெடுக்க ஒரு குழு, கூலி கொடுத்து அமர்த்திய ஒரு செம்மையாக்குநர், யாழ்ப்பாணத்தில் ஒரு களஞ்சியம், பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கட்டுகளைப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவர். இவ்வளவு இருந்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு நல்ல நூல்களை ஒழுங்காகக் கொண்டுவரலாம். ஒவ்வொரு தீவின் நூலகத்துக்கும் பாடசாலைக்கும் பிரதி போகலாம். அச்சில் இல்லாத பழைய தீவக நூல்களைத் தேடி மறுபதிப்புச் செய்யலாம். கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் ஊர் கூடிப் பணம் சேர்க்கத் தெரிந்த மக்களுக்கு இது பெரிய காரியம் அல்ல. வெளியீட்டு விழாவுக்கு முதற்பிரதி வாங்க முன்வரும் வர்த்தகர், அந்த ஆண்டின் நான்கு நூல்களுக்கும் முன்பணம் கட்டும் கையொப்பக்காரராக மாறினால் போதும், இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.